ஒன்று புள்ளி மூன்று இரண்டு

வாதி கபீரில் இரவு இரண்டு மணிக்கும்
மலை சுடுகிறது.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
எங்கள் அறையின் மேற்குச் சுவர் வழியே
திருப்பித் தருகிறது கருங்கல்.

நான்கு கட்டில். ஒரு ஏசி.
பிளைவுட் பலகைமேல் என் கணிப்பொறி.
கூலர் மட்டும் ரூவியில் பழைய சாமான் கடையில்,
பதினொரு ரியால்.
தகடுகளுக்கிடையே யாரோ ஒருவர் வீட்டுத் தூசி,
பூனைமுடி.
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன்.
பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு; கூடினால் வழியும்.

"எவ்வளவு வேகம் கூடும்?" என்றான் தில் பகதூர்.
நூற்றுக்குப் பன்னிரண்டு.
"சம்பளமா?" என்று எழுந்தவன்
இல்லையென்றதும் திரும்பிப் படுத்தான்.

வேகம் வெறும் ஆசை. வோல்ட்தான் சூது.
ஒன்று புள்ளி இரண்டு ஐந்தில் தொடங்கி
ரசத்துக்கு உப்புப் போடுகிறவன்போல
சிட்டிகை சிட்டிகையாக ஏற்றினேன்.
1.28: நீலத்திரை.
1.30: பதினேழு நிமிடம் தாங்கியது.
1.32: ஒரு மணி நேரம், பிழையே இல்லை.
1.40 வரை போகலாம் என்பார்கள், போனவர்கள்.
சிப் அன்றே சாகாது.
ஒன்றிரண்டு வருடம் கழித்து ஏதோ ஒரு காலையில்
காரணம் சொல்லாமல் எழுந்திருக்க மறுக்கும்.

எண்பதுக்குள் என்றால் படுக்கலாம்.
எண்பத்தைந்தில் எழுந்து உட்கார வேண்டும்.
தொண்ணூறில் விரல் பொத்தான்மேல் இருக்கவேண்டும்.
நூறைத் தொட்டால் அது என்னைக் கேட்காது,
தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்,
நாலாயிரம், மூவாயிரம், எண்ணூறு,
ஃபோர்மேன் இல்லாத வேலையாள்.

பகலில் எனக்கு வேறொரு கருவி.
முக்காலிமேல் ஒரு கறுப்பு உருண்டை,
ஈரத்துணி சுற்றிய ஒரு குழல்.
வெயில், காற்று, புழுக்கம் மூன்றையும் கலந்து
ஒரே எண்ணாகச் சொல்லும்.
மணிக்கொருமுறை நோட்டில் எழுதுவது என் வேலை.
முப்பத்திரண்டைத் தாண்டினால்
எல்லாரும் கீழே இறங்கவேண்டும் என்பது எங்கள் சைட்டின் விதி.

நேற்றுப் பதினொரு மணிக்கு 33.8.
வாசலில் கான்கிரீட் லாரி, டிரம் சுழன்றபடி.
கான்கிரீட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு,
அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.
சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"மீட்டர் ஏன் வெயில்ல நிக்குது?" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
தூக்கி நிழலில் வைத்தேன்.
31.9.
எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

நாலாவது தளத்தில் மரியதாஸ் கம்பி கட்டிக்கொண்டிருந்தான்.
அவன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.
மதிய ஓய்வுக்குக் கால் மணி நேரம் இருக்கையில்
ஏதோ ஞாபகம் வந்தவன்போல
கம்பிகள்மேல் சாய்ந்தான்.

இப்போது இரண்டடி தள்ளி, அடுத்த கட்டிலில் தூங்குகிறான்,
புறங்கையில் டிரிப் ஏற்றிய இடத்தில் பஞ்சு.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை,
அதனால்தான் இந்த வேலையெல்லாம்.
ஏசியின் கம்ப்ரஸர் நின்றது.
எழுபத்தெட்டில் இருந்த சிப் எண்பத்து நான்கானது.
அப்போதுதான் உறைத்தது:
கூலர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது.
நூற்று நாற்பது வாட்டும்
அவன் கட்டில் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

சோதனையை நிறுத்தினேன்.
வோல்ட்டைப் பழையபடி இறக்கினேன்.
காற்றாடி முனகி முனகி அடங்கியது.
திரையில் ஆறு கோர், ஆறு எண்கள்:
44, 43, 46, 43, 45, 44.
அவனுக்கு ஓர் எண்ணும் இல்லை.
நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
சுடுகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும்.

ஐந்து மணிக்கு பஸ்.
நோட்டு என் தலைமாட்டில்.
31.9, நீல மை, கீழே என் பெயர்.
அடித்துத் திருத்தினால் தெரியும்.

திரை வெளிச்சத்தில் பேனாவைத் தேடினேன்.